பதினோராம் மணிக்கு வந்தவனுக்கும் அதே கூலி: பிள்ளைகளுக்கு இதை விளையாட்டாக எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

கேள்வி இதுதான்: "விடுமுறை வேதாகமப் பள்ளியில் 7 முதல் 11 வயது வரை சுமார் 25 பிள்ளைகள். மத்தேயு 20-ல் வரும் திராட்சத்தோட்ட வேலையாட்கள் உவமையை நடத்த வேண்டும். போன வருஷம் படம் காட்டிச் சொன்னேன். எல்லாரும் 'இது அநியாயம் டீச்சர்' என்று கத்தினார்கள். 'ஆண்டவர் அப்படித்தான்' என்று சொல்லி முடித்துவிட்டேன். இந்த வருஷம் ஓடியாடும் விளையாட்டாக வைக்க நினைக்கிறேன். கிருபை என்றால் என்னவென்று பிள்ளைகளுக்குப் புரிய வேண்டும். எப்படி நடத்துவது?"

முதலில், பிள்ளைகள் 'அநியாயம்' என்று கத்தியதற்காக நீங்கள் வருத்தப்பட வேண்டியதே இல்லை. கதை அவர்களுக்குச் சரியாகப் புரிந்துவிட்டது என்று அர்த்தம். ஒரு எஜமான் அதிகாலை முதல் சாயங்காலம் வரை பல வேளைகளில் கடைத்தெருவிலிருந்து ஆட்களைத் தோட்ட வேலைக்குக் கூப்பிடுகிறார், கடைசியில் எல்லாருக்கும் ஒரே கூலி கொடுக்கிறார். கதைக்குள்ளேயே முதலில் வந்த வேலையாட்கள் அதைத்தான் சொல்லி முறுமுறுக்கிறார்கள். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அதிகாலையில் வேலைக்குப் போனவர்களிலிருந்து நாம் கதையைத் தொடங்குகிறோம். கேட்கிற பிள்ளை அவர்களோடேயே வெயிலில் நடந்து, அவர்களோடேயே வரிசையில் நின்று, கூலி கொடுக்கும்போது அவர்களுடைய கண்ணால்தான் பார்க்கிறது. கடைத்தெருவில் சாயங்காலம் வரை நின்றவர்கள் பக்கம் யாரும் போவதே இல்லை. கிருபை இருப்பதோ அந்தப் பக்கத்தில். ஆகவே உங்கள் விளையாட்டு ஒன்றே ஒன்றைச் செய்தால் போதும்: பிள்ளையைக் கொண்டுபோய்க் கடைத்தெருவில் நிறுத்த வேண்டும். கீழே சொல்வதெல்லாம் அதற்காகத்தான்.

இந்த விளையாட்டை நான் எட்டு ஒன்பது தடவை நடத்தியிருக்கிறேன். முதல் தடவை முழுசாகக் கெட்டுப்போனது. சிலரை நிறைய ஓடவிட்டேன், சிலரைக் கொஞ்சம் ஓடவிட்டேன், எல்லாருக்கும் ஆளுக்கொரு மிட்டாய். நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் மிட்டாயைத் தரையில் எறிந்துவிட்டுக் காம்பவுண்ட் சுவரில் ஏறி உட்கார்ந்துகொண்டான். நான் வசனத்தைச் சொன்னேன். "அப்ப நான் எதுக்கு ஓடுனேன்?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. அதைவிட மோசமான தப்பு ஒன்றும் அன்றைக்குச் செய்தேன். மெதுவாக ஓடும் பிள்ளைகளாகப் பார்த்துக் கடைசிக் கும்பலில் போட்டேன், இரக்கப்பட்டு. ஏன் போட்டேன் என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்துவிட்டது. அந்தக் கும்பலில் இருந்த ஒரு சின்னப் பெண் மறுநாள் வரவில்லை. எனவே முதல் விதி: கும்பல் பிரிக்க நீங்கள் ஆள் பொறுக்காதீர்கள். சீட்டுக் குலுக்கிப் போடுங்கள்.

விளையாட்டுக்குப் போகும் முன் கதையின் கணக்கை நடத்துகிறவர் தெரிந்து வைத்திருப்பது நல்லது, ஏனென்றால் விளையாட்டின் அளவுகள் எல்லாம் அதிலிருந்துதான் வருகின்றன. யூதர்களுக்குப் பகல் என்பது சூரியன் உதித்ததிலிருந்து மறைவது வரை 12 மணி. மூன்றாம் மணி என்றால் நம் காலை 9. ஆறாம் மணி நடுப்பகல். ஒன்பதாம் மணி பிற்பகல் 3. பதினோராம் மணி சாயங்காலம் 5. ஆகக் கடைசியில் வந்தவன் வேலை செய்தது ஒரே ஒரு மணி நேரம், அதுவும் வெயில் தாழ்ந்தபிறகு. கூலி ஒரு பணம், அதாவது ரோமர்களின் வெள்ளி நாணயமான தெனாரியம். ஒரு கூலியாளின் ஒரு நாள் சம்பளம் அது. அதை வைத்துத்தான் அன்றைக்கு வீட்டில் அடுப்பு எரியும். கூலியைப் பொழுது சாய்வதற்குள் கொடுத்துவிட வேண்டும் என்பது மோசேயின் சட்டம் (உபாகமம் 24). கதையில் சாயங்காலம் காரியக்காரனை (எஜமானுடைய வேலைகளைக் கவனிப்பவனை) கூப்பிட்டுப் பட்டுவாடா செய்யச் சொல்வது எஜமான் புதிதாகக் கண்டுபிடித்த ஏற்பாடு அல்ல.

அந்த வெள்ளிக் காசு நமக்கும் அந்நியம் இல்லை. கோயம்புத்தூர், கரூர் வட்டாரங்களில் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த ரோமானிய வெள்ளி நாணயங்களில் பெரும்பாலானவை ரோமப் பேரரசர்கள் அகஸ்துவும் திபேரியுவும் வெளியிட்டவை. லூக்கா சுவிசேஷத்தில் பெயர் வருகிற அதே ராயர்கள். இயேசு இந்தக் கதையைச் சொன்ன காலத்தில் புழங்கிய காசு மிளகு வியாபாரத்தில் நம் ஊருக்கும் வந்திருக்கிறது. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் ரோமானிய நாணயங்கள் இருக்கின்றன. ஒரு படத்தைப் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 'ஒரு பணம்' என்று வாயால் சொல்வதற்கும் திபேரியுவின் மூக்கைக் காட்டிச் சொல்வதற்கும் வித்தியாசம் உண்டு.

இன்னொன்று, கதை எங்கே தொடங்குகிறது என்பது. நாம் 20-ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தில் தொடங்கிவிடுகிறோம். இயேசு தொடங்கியது அதற்கு முன்னால் அவருடைய சீஷன் பேதுரு கேட்ட கேள்வியிலிருந்து: நாங்கள் எல்லாவற்றையும் விட்டு உம்மைப் பின்பற்றினோமே, எங்களுக்கு என்ன கிடைக்கும்? அதிகாலையில் வந்த ஆள் கேட்கிற கேள்விதான் அது. பேதுருவே கேட்டிருக்கிறான் என்று சொன்னால், கத்துகிற பிள்ளைகளுக்குத் தாங்கள் மட்டும் கெட்டவர்கள் இல்லை என்று தெரியும்.

சரி, விளையாட்டு.

கதையில் 12 மணி நேரம், நமக்கு 12 நிமிடம். ஒரு நிமிடம் ஒரு மணி. ஒரு பக்கம் இரண்டு மரத்துக்கு நடுவே கயிறு கட்டி, பச்சைத் தாளையோ பழைய சேலையையோ தொங்கவிட்டால் அதுதான் கொடி. அதன் அடியில் நூறு காகித உருண்டைகள். பழைய செய்தித்தாளைக் கசக்கி ஊதாத் தாள் சுற்றினால் போதும். முந்தின நாள் பிள்ளைகளையே செய்யவிடுங்கள், சந்தோஷமாகச் செய்வார்கள். பத்துப் பன்னிரண்டு மீட்டர் தள்ளி ஒரு அன்னக்கூடை, அது திராட்சரசம் பிழியும் ஆலை. ஒரு கைக்கு ஒரு உருண்டை, ஓடிப்போய்க் கூடையில் போட்டுவிட்டுத் திரும்பி வர வேண்டும், அவ்வளவுதான். கூடை நிறைந்தால் உதவிக்கு நிற்கும் அக்கா யாராவது பின்பக்கமாக எடுத்துப்போய் மறுபடி கொடியடியில் கொட்டிவிடலாம். பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்து "ஏமாத்துறாங்க" என்று சிரிப்பார்கள். பரவாயில்லை.

மூன்றாவது இடம்தான் முக்கியம். கொடிக்கும் ஆலைக்கும் சற்று விலகி, எல்லாம் நன்றாகத் தெரிகிற இடத்தில், சாக்பீஸால் ஒரு சதுரம் போடுங்கள். கடைத்தெரு. அதற்குள் இருபது பேர் நெருக்கியடித்து நிற்கிற அளவுதான் இருக்க வேண்டும். உள்ளே நிற்பவர்களுக்குச் சட்டம்: உட்காரக்கூடாது, வேறு விளையாட்டு கூடாது, கோட்டைத் தாண்டக்கூடாது. "எங்களையும் கூப்பிடுங்க" என்று சத்தம் போடலாம். அதை நானே அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை, தானாக வரட்டும்.

25 பேர் என்றால் ஒருவரைக் காரியக்காரனாக வைத்துக்கொள்ளுங்கள். ஓட முடியாத பிள்ளை யாராவது இருந்தால் அவருக்கே அந்த வேலை; கையில் மாவுக்கட்டோடு வந்த ஒருவன் என் வகுப்பில் அருமையான காரியக்காரனாக இருந்தான், பணப்பெட்டியை யாரையும் தொடவிடவில்லை. மிச்சமுள்ள 24 பேரை ஐந்து கும்பலாகப் பிரியுங்கள். எஜமான் நீங்கள்.

தொடக்கத்தில் முதல் கும்பலை வெளியே அழைத்து, எல்லாருக்கும் கேட்கும்படி கூலி பேசுங்கள். "இன்னைக்கு முழுக்க வேலை, ஒரு பணம், சரியா?" ஒவ்வொருவரும் "சரி" என்று சொல்லிக் கைகொடுக்க வேண்டும். இதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். அப்புறம் 13-ஆம் வசனத்தில் எஜமான் 'நீ ஒரு பணத்துக்குச் சம்மதிக்கவில்லையா?' என்று கேட்கும்போது அதற்குக் கால் இல்லாமல் போய்விடும். மற்றக் கும்பல்களிடம் தொகை சொல்லாதீர்கள். "நியாயமானதைக் கொடுப்பேன், போங்க." கதையிலும் அப்படித்தான்.

விசில். முதல் கும்பல் ஓடுகிறது. மூன்றாவது நிமிடத்தில் இரண்டாம் கும்பல், ஆறில் மூன்றாவது, ஒன்பதில் நான்காவது, பதினொன்றில் ஐந்தாவது. பன்னிரண்டில் முடிகிறது.

நீங்கள் ஒவ்வொரு முறையும் கடைத்தெருவுக்கு நடந்துபோக வேண்டும். தூரத்தில் நின்று "ரெண்டாவது கும்பல் வாங்க" என்று கூப்பிட்டால் எல்லாம் போச்சு. மெதுவாக நடந்துபோங்கள், ஒவ்வொருவரையும் மேலும் கீழும் பாருங்கள், பிறகு அந்தக் கும்பலை மட்டும் கூட்டிக்கொண்டு வாருங்கள். முதல் மூன்று நிமிடம் உள்ளே நிற்பவர்கள் சிரித்துக்கொண்டு ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு இருப்பார்கள். ஆறாவது நிமிடத்தில் சிரிப்பு குறையும், காலை மாற்றி மாற்றி நிற்பார்கள். ஒன்பதாவது நிமிடம் நீங்கள் போகும்போது கை நீட்டுவார்கள். ஒரு தடவை ஒரு பெண் பிள்ளை என் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "நான் நல்லா ஓடுவேன் டீச்சர், பாருங்க," என்று நின்ற இடத்திலேயே ஓடிக் காட்டியது. பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். எனக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. ஆனால் பதில் சொல்லக்கூடாது.

பதினோராவது நிமிடத்தில், வசனத்தில் உள்ள கேள்வியை அப்படியே கேளுங்கள்: "நாள் முழுக்க இங்கே ஏன் சும்மா நிக்கிறீங்க?" என்ன பதில் வரும் தெரியுமா? "யாருமே கூப்பிடல!" ஒவ்வொரு வருஷமும் இதேதான் வருகிறது, கோபத்தோடு, ஒரே குரலில். வேதாகமத்தைத் திறக்காமலேயே 7-ஆம் வசனத்தைச் சொல்லிவிட்டார்கள். இவர்கள் சோம்பேறிகள் இல்லை, யாரும் வேலை கொடுக்கவில்லை, அவ்வளவுதான். இதை எந்தப் படத்தாலும் நான் புரியவைக்க முடிந்ததில்லை.

ஒரு நிமிடம்தான் இவர்கள் ஓடுவார்கள். ஆளுக்கு இரண்டு மூன்று உருண்டை. முதல் கும்பலில் ஒரு பிள்ளை முப்பதைத் தாண்டியிருக்கும். பெயர் போட்டுக் கரும்பலகையில் எண்ணிக்கை எழுதாதீர்கள். அவர்களுக்கே தெரியும்.

வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. மே மாதம் நடத்துகிறீர்கள் என்றால் காலை 9 மணிக்கு முன், வேப்பமர நிழலில். 'பகலின் கஷ்டத்தையும் வெயிலின் உஷ்ணத்தையும்' உண்மையாகவே காட்ட வேண்டிய அவசியமில்லை. ஓடுகிறவர்களுக்கு நடுவில் தண்ணீர் கொடுங்கள். 7 வயதுக்குக் கீழே என்றால் மூன்றே கும்பல், ஆறு நிமிடம்.

இனிக் கூலி. காசு அட்டையில் வெட்டி, பிஸ்கட் பொட்டலத்தின் வெள்ளித்தாள் சுற்றியது. ஒரு காசுக்கு ஒரு கடலை மிட்டாய். (கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளை இருக்கிறதா என்று பெற்றோரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், இருந்தால் எல்லாருக்குமே எள்ளுருண்டை.) காரியக்காரனிடம் இரகசியமாகச் சொல்லிவையுங்கள்: கடைசியில் வந்தவர்களுக்கு முதலில், எல்லாருக்கும் ஒரே ஒரு காசு.

வரிசை மாறினால் கதையே இல்லை. முதலில் வந்தவர்களுக்கு முதலில் கொடுத்திருந்தால் அவர்கள் சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்பார்கள், யாருக்கு எவ்வளவு என்று தெரிந்தே இருக்காது. அவர்கள் கண்ணெதிரே நடக்கும்படி எஜமான் வேண்டுமென்றேதான் செய்கிறார். ஏன் என்று பிள்ளைகள் கேட்பார்கள். "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று திருப்பிக் கேளுங்கள். பதினொரு வயதுப் பையன் ஒருவன், "அவங்களுக்கும் தெரியணும்ல, எஜமான் எப்படிப்பட்ட ஆள்னு" என்றான். இதைவிட நல்ல பதில் எனக்கும் தெரியாது.

ஐந்தாம் கும்பல் ஒரு காசு வாங்கியதும் முதல் கும்பலைப் பாருங்கள். முகம் மலரும். 'இவங்களுக்கே ஒண்ணுன்னா நமக்கு எவ்வளவு!' சிலர் விரல் விட்டு எண்ணத் தொடங்குவார்கள். கதையிலும் அதிகம் கிடைக்கும் என்று எண்ணினார்கள் என்றே இருக்கிறது. அப்புறம் அவர்கள் கையிலும் ஒரே காசு விழும். இங்கே வாய் மூடிக்கொண்டு இருக்க வேண்டியது உங்கள் வேலை. கத்தட்டும். "போங்க டீச்சர்", "சீட்டிங்", "நான் விளையாட வரலை". இரண்டு நிமிடமாவது விடுங்கள். முறுமுறுப்பு என்ற வார்த்தைக்கு இனி அவர்களுக்கு அர்த்தம் சொல்ல வேண்டியிருக்காது. பிறகு, எல்லாரையும் வட்டமாக உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, 1 முதல் 16 வரை வசனங்களை ஒரு பிள்ளையை விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். வாசிக்க வாசிக்கச் சிரிப்பு வரும். தாங்கள் சொன்னதையே புத்தகத்தில் கேட்கிறார்கள் அல்லவா?

அந்தக் கோபம் பிள்ளைகளுக்கு எவ்வளவு இயல்பானது என்பதை உளவியலாளர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பீட்டர் பிளேக், கேத்ரின் மெக்காலிஃப் இருவரும் 2011-ல் வெளியிட்ட ஆய்வில், எதிரெதிரே உட்கார்ந்த இரண்டு பிள்ளைகளில் ஒருவருக்கு ஒரு மிட்டாய், மற்றவருக்கு நாலு என்று வைத்தார்கள். ஒரு பிள்ளை கைப்பிடியை இழுத்து ஏற்கலாம் அல்லது தள்ளலாம். தள்ளினால் இருவருக்குமே ஒன்றும் கிடையாது. தனக்குக் குறைவு என்றால் நாலு வயதுப் பிள்ளைகூடத் தள்ளியது. தனக்கு நாலு, எதிரில் இருப்பவருக்கு ஒன்று என்றால் சின்னப் பிள்ளைகள் பேசாமல் வாங்கிக்கொண்டன. எட்டு வயதுப் பிள்ளைகள்தான் அதையும் மறுத்தன. பிறகு இந்தியா உட்பட ஏழு நாடுகளில் செய்து 2015-ல் வெளியிட்டார்கள். முதல் வகை எல்லா நாட்டிலும் இருந்தது. இரண்டாவது வகை மூன்று நாட்டில் மட்டும். தனக்குக் குறைவதைப் பார்க்கிற கண் எல்லாப் பிள்ளைக்கும் தானாகவே திறந்திருக்கிறது, அதை நாம் சொல்லித்தர வேண்டாம். மற்றவன் பக்கத்தைப் பார்க்கிற கண்ணுக்குத்தான் நம் உதவி தேவை. கடைத்தெருச் சதுரத்தை இவ்வளவு பிடித்துத் தொங்குவது அதனால்தான்.

பிள்ளைகளிடம் இந்த ஆய்வைச் சொன்னால் கொட்டாவி விடுவார்கள். குரங்குக் கதையைச் சொல்லுங்கள். 2003-ல் வெளிவந்த ஒரு ஆய்வில், கப்புச்சின் குரங்குகளுக்கு ஒரு வேலைக்கு வெள்ளரித்துண்டு கூலி. சந்தோஷமாகத் தின்றன. பக்கத்துக் கூண்டுக் குரங்குக்கு அதே வேலைக்குத் திராட்சை கொடுத்ததைப் பார்த்ததும் பல தடவை வெள்ளரியை வாங்க மறுத்தன, தூக்கியும் எறிந்தன. அதுவரை ருசித்த அதே வெள்ளரி! மிட்டாயை எறிந்த பையனின் நினைவு எனக்கு அப்போது வரும். கூலியும் திராட்சையுமாகக் கதை வந்து விழுந்ததில் எனக்கு ஒரு தனி சந்தோஷம்.

இப்போது பேச்சு. முதல் கேள்வியை முதல் கும்பலிடம் கேட்காதீர்கள், எல்லாரும் அதைத்தான் செய்கிறோம். ஐந்தாம் கும்பலைக் கேளுங்கள். "பதினொரு நிமிஷம் நிக்கும்போது எப்படி இருந்தது?" "கால் வலிச்சிச்சு." "போரடிச்சிச்சு." "நீங்க எங்களைப் பாத்துட்டுப் பாத்துட்டுப் போனீங்க." இதெல்லாம் வரும். பிறகு ஒரு அட்டைக் காசை எடுத்து, எல்லார் முன்னாலும் கத்தரிக்கோலால் பன்னிரண்டு துண்டாக வெட்டுங்கள். வடை அளவு காசு என்றாலும் ஒரு துண்டு விரல் நுனி அளவுதான் இருக்கும். "கணக்குப்படி கொடுத்தா இவங்களுக்கு இதுதான். இதைக் கொண்டுபோய் வீட்ல என்ன சமைக்க?" ஒருவரும் பேசமாட்டார்கள். ஒரு நாள் கூலியில் பன்னிரண்டில் ஒரு பங்கு என்பது எண்ணாகச் சொன்னால் ஏறாது, துண்டாகப் பார்த்தால் ஏறும்.

ஒரு வருஷம் அந்தத் துண்டு வட்டத்தைச் சுற்றிக் கைமாறிப் போய்க்கொண்டிருந்தபோது, ஒரு பெண், "எங்க அப்பாவும் முக்குல போய் நிப்பாங்க" என்றாள். காலையில் கொத்தனார், சித்தாள் எல்லாம் சட்டிக் கரண்டியோடு நிற்பார்களே, அந்த முக்கு. "சில நாள் பத்து மணிக்கே திரும்பி வந்திருவாங்க. அன்னைக்கு யாரும் பேசமாட்டோம்." முதல் கும்பலில் இருந்து அதுவரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த பையன், "அப்ப அன்னைக்கு சாப்பாடு?" என்றான். "சித்திகிட்ட வாங்கிக்குவோம்." நான் எதுவும் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் கெடுத்திருப்பேன். ஆனால் ஒரு எச்சரிக்கை: "உங்க அப்பா என்ன வேலை?" என்று நீங்களாகக் கேட்டு இதை வரவழைக்கப் பார்க்காதீர்கள். வந்தால் வரட்டும்.

பெரிய பிள்ளைகள் கட்டாயம் கேட்கிற ஒரு கேள்வி உண்டு: "அப்ப கடைசியில வந்தாப் போதுமே?" கெட்டிக்காரத்தனமான கேள்வி, பெரியவர்களும் மனசுக்குள் கேட்பதுதான். வாயால் பதில் சொல்வதைவிட இன்னொரு ஆட்டம் வைப்பது நல்லது. இந்தத் தடவை எந்தக் கும்பல் வேண்டும் என்று அவர்களே தேர்ந்துகொள்ளட்டும். என் வகுப்பில் ஒருமுறை 24 பேரும் ஐந்தாம் கும்பலில்தான் இருப்போம் என்று அடம்பிடித்தார்கள். சரி, நில்லுங்கள் என்று எல்லாரையும் சதுரத்துக்குள் நிறுத்திவிட்டு, நான் கொடியடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டேன். நூறு திராட்சை கிடக்கிறது, ஆள் இல்லை. மூன்று நிமிடம் குஷியாக இருந்தார்கள். நாலாவது நிமிடம் நெருக்கல், இடி, 'டீச்சர் இவன் மிதிக்கிறான்'. ஆறாவது நிமிடத்துக்கு முன்பே ஏழெட்டுப் பேர் "நாங்க வேலைக்கு வாரோம்" என்று கோட்டைத் தாண்டிவிட்டார்கள். காசு ஒன்றுதான் என்று தெரிந்தே தாண்டினார்கள். ஏன் என்று கேட்டதற்கு, "அங்க இருக்கறதுக்கு இங்க ஓடலாம்" என்றது ஒரு வாண்டு. எஜமானின் தோட்டத்தில் இருப்பது தண்டனை, கூலி மட்டும்தான் லாபம் என்று நினைத்தால் சீக்கிரம் வந்தவன் ஏமாளி. நின்று பார்த்தவனுக்கு அப்படித் தெரியாது.

வார்த்தைகளைப் பற்றிக் கொஞ்சம். கிருபை என்ற சொல் இந்த உவமையில் எங்கும் இல்லை. பழைய மொழிபெயர்ப்பில் எஜமான் தன்னைத் 'தயாளன்' என்கிறார், முறுமுறுத்தவனை 'வன்கண்ணன்' என்கிறார். மூலக் கிரேக்கத்திலும் 'உன் கண் பொல்லாததாயிருக்கிறதா' என்றுதான் இருக்கிறது. கண்ணைக் கண்ணாகவே வைத்த மொழிபெயர்ப்பு நம்முடையது. "அவனுக்குக் கிடைச்சது உன் கண்ணை உறுத்துதா?" என்று கேட்டால் எட்டு வயதுப் பிள்ளைக்கு உடனே புரியும். நீங்கள் கத்தோலிக்க மறைக்கல்வி வகுப்பில் நடத்தினால் 1995 திருவிவிலியத்தில் 'தெனாரியம்', 'பொறாமை' என்று இருக்கும், கிருபைக்கு 'அருள்' வரும். விளையாட்டில் மாற்றம் ஒன்றும் இல்லை. கிருபைக்கு விளக்கம் கேட்டால் நான் சொல்வது: "உழைச்சு வாங்கினா கூலி. உனக்குத் தேவைன்னு பார்த்துக் கொடுத்தா கிருபை." இறையியல் கல்லூரியில் இதற்கு மதிப்பெண் கிடைக்காது, வகுப்புக்குப் போதும்.

தென்மாவட்டப் பிள்ளைகள் என்றால் அசனத்தை, அதாவது சபையின் பொது விருந்தை, சொல்லுங்கள். கோயில் பண்டிகை அசனத்தில் ஆடு கொடுத்தவரும் ஒரு கைப்பிடி அரிசி கொடுத்தவரும் ஒன்றுமே கொடுக்காதவரும் ஒரே பந்தியில்தான் உட்காருகிறார்கள், ஒரே சோறு, ஒரே கறிக்குழம்பு. நீ எப்போது வந்தாய் என்று பரிமாறுகிறவர் கேட்பதில்லை. கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகளில் ஈஸ்டர் இரவில் வாசிக்கப்படும், பழங்காலப் பேராயர் யோவான் கிறிசோஸ்தோமின் பெயரில் வழங்கும் பிரசங்கமும் இந்த உவமையைப் பந்தியாகத்தான் மாற்றுகிறது: பதினோராம் மணிக்கு வந்தவனும் பயப்படாமல் வந்து உட்காரட்டும் என்கிறது. அசனத்தில் வளர்ந்த பிள்ளைக்கு இது பாதி தெரிந்த விஷயம்.

சொல்லாமல் விடவேண்டியது இரண்டு. முந்தினவர்கள் யூதர்கள், பிந்தினவர்கள் நாம் என்ற விளக்கத்தைப் பிள்ளைகளிடம் கொண்டுபோகாதீர்கள். இன்னொரு ஜனத்தைப் பொறாமைக்காரர்களாக மனதில் பதிய வைப்பதுதான் மிஞ்சும். 'எஜமான் இஷ்டம், நீ கேட்காதே' என்று முடிக்கவும் வேண்டாம். வீட்டிலும் பள்ளியிலும் அதிகாரத்தில் இருப்பவர்கள் சொல்வதையே ஆண்டவரும் சொல்கிறார் என்று ஆகிவிடும். கதையில் எஜமான் முறுமுறுத்தவனைத் துரத்தவில்லை, 'சிநேகிதனே' என்று கூப்பிட்டு நின்று பதில் சொல்கிறார். கத்தின பிள்ளையை நீங்களும் அப்படித்தான் கூப்பிட வேண்டும். அந்த நாலாம் வகுப்புப் பையனிடம் நான் அதைச் செய்யவில்லை.

ஆள் குறைவாக இருந்தால், எட்டுப் பேர் என்று வையுங்கள், இரண்டிரண்டு பேராக நாலு வேளை போதும், ஒன்பதாம் மணியை விட்டுவிடலாம். பதினோராம் மணியை விடாதீர்கள்.

மிட்டாய் வாங்கும்போது எண்ணி வாங்காமல் ஐந்தாறு கூடுதலாக வாங்கி வையுங்கள். கூலி கொடுத்து முடிந்து, வசனம் வாசித்துக்கொண்டிருக்கும்போது, வீட்டில் தம்பியைக் குளிப்பாட்டிவிட்டு மூச்சு வாங்க ஓடிவந்து கேட்டில் நிற்கிற பிள்ளை ஒன்று எப்போதும் இருக்கும். பணப்பெட்டி காரியக்காரன் கையில்தான் இருக்கிறது. என்ன செய்வது என்று அவனையே கேளுங்கள், மற்றவர்களும் கேட்கும்படி.